சிகரெட் படத்தைக் கண்டு மூளை துள்ளினால் சிகரெட்டை விடவே முடியாதா?

மார்ச் 3 (வாசகர் ஒருவரின் கேள்வி)

11 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். இந்த மாதம் 20ஆம் தேதி நிறுத்துவதென்று முடிவு செய்திருக்கிறேன். இந்த நேரம் பார்த்து ஒரு செய்தியைப் படித்துத் தொலைத்தேன். புகைப்பவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சிகரெட் படங்களைக் காட்டினால், யார் விட்டுவிடுவார்கள், யார் மறுபடி பற்றவைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறதாம். எனக்கோ திரையில் யாராவது லைட்டரைக் கையில் எடுத்தாலே வாய் ஊறுகிறது. ஸ்கேன் எடுக்காமலே விடை தெரிந்துவிட்டது. பிறகு முயல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

மார்ச் 4, காலை

நீங்கள் படித்தது பெரும்பாலும் 2010இல் வெளிவந்த ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையைச் சேர்ந்த ஏமி ஜேன்ஸ் குழுவினர், சிகரெட்டை நிறுத்தவிருந்த 21 பெண்களை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, புகைத்தல் தொடர்பான படங்களையும் தொடர்பில்லாத படங்களையும் காட்டினார்கள். பிறகு அந்தப் பெண்கள் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையின் துணையோடு நிறுத்த முயன்றார்கள். தோற்றவர்களின் மூளை, நிறுத்துவதற்கு முன்பே, சிகரெட் படங்களுக்குக் கூடுதலாகத் துலங்கியிருந்தது, அதாவது அவற்றைக் கண்டு கூடுதலாகச் செயல்பட்டிருந்தது. குறிப்பாக இன்சுலா, அமிக்டலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகளில். ஸ்கேனில் தெரிந்த துலங்கலையும், புகைத்தல் தொடர்பான சொற்களிடம் கவனம் எவ்வளவு சிக்குகிறது என்று அளக்கும் சோதனையின் முடிவையும் சேர்த்து வைத்து 79 விழுக்காடு சரியாகக் கணிக்க முடிந்தது என்று எழுதினார்கள்.

79 என்ற எண் மிரட்டத்தான் செய்யும். ஆனால் நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். ஐந்தில் ஒருவருக்குக் கணிப்பு பொய்த்திருக்கிறது. ஆய்வில் இருந்தவர்களோ 21 பேர்தான். இந்த அளவுகோல் முன்பின் பார்த்திராத ஆயிரம் பேரிடமும் பலிக்குமா என்பது வேறு கேள்வி.

செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு பகுதியும் அந்த ஆய்வில் உண்டு. பின்னர் தோற்றவர்களிடம், இன்சுலாவை உள்ளடக்கிய வலைப்பின்னலுக்கும் நிதானத்தைக் காக்கும் முன்மூளைப் பகுதிகளுக்கும் இடையே இருந்த ஒத்திசைவு குறைவாக இருந்தது. ஆகவே குதிரை எவ்வளவு வேகமாகத் துள்ளுகிறது என்பதோடு, கடிவாளம் அதன் வாயில் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மார்ச் 4, இரவு

மூளைப் படங்களைக் கண்டு மயங்குபவர்களுக்காக ஒன்று. 2009இல் கிரெய்க் பென்னட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிந்தது. 2012இல் இதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மீனிடம் சிகரெட் படத்தைக் காட்டியிருந்தால், அது எந்தச் சிகிச்சையும் இல்லாமல் நிரந்தரமாக விட்டுவிட்டது என்றும் எழுதியிருக்கலாம்.

ஜேன்ஸ் குழுவினர் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வண்ணப் புள்ளிகளைப் பார்த்தவுடன் தலைவிதி என்று படித்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

மார்ச் 7

இன்சுலா என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூளையின் பக்கவாட்டில், மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி அது. வயிறு காய்வது, நெஞ்சு படபடப்பது, தொண்டை வறள்வது முதலான உடலின் உள்நிலைகளை உணர்வாக மாற்றித் தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சிகரெட் தவிப்பை அனுபவித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தத் தவிப்பு மனத்தில் எண்ணமாகத் தோன்றுவதற்கு முன்பே தொண்டையிலும் மார்பிலும் தோன்றிவிடும்.

2007இல் நக்வி, ருட்ராஃப், டமாசியோ, பெச்சாரா ஆகியோர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒருவரைப் பற்றிய குறிப்பு வருகிறது. நாளுக்கு 40 சிகரெட்டுக்கு மேல் புகைத்துவந்த அவருக்கு 28 வயதில் பக்கவாதம் வந்து இன்சுலா சேதமடைந்தது. அதன் பிறகு அவர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. கேட்டபோது, புகைக்க வேண்டும் என்ற உந்துதலை உடல் மறந்துவிட்டது என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். மூளைச் சேதத்துக்கு ஆளான 69 புகைப்பவர்களை அவர்கள் ஒப்பிட்டதில், இன்சுலா சேதமடைந்தவர்கள் சிகரெட்டை விடுவது மிகவும் அதிகமாக இருந்தது.

மார்ச் 8

நேற்று எழுதியதன் கடைசி வாக்கியம் தவறு, திருத்திக்கொள்கிறேன். கட்டுரையின் எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இன்சுலா சேதமடைந்த 19 பேரில் 13 பேர் விட்டிருக்கிறார்கள். மற்ற 50 பேரில் 19 பேர். இந்த வேறுபாடு மட்டும் உறுதியான முடிவுக்குப் போதவில்லை. பக்கவாதம் போன்ற பெரிய அதிர்ச்சிக்குப் பின் பலரும் பயந்தே விட்டுவிடுகிறார்கள் அல்லவா? உண்மையான வேறுபாடு விட்ட விதத்தில் இருந்தது. முதல் குழுவில் விட்ட 13 பேரில் 12 பேர் ஒரே நாளில், சிரமம் இல்லாமல், உந்துதல் மீளாமல் விட்டவர்கள். மற்ற குழுவில் விட்ட 19 பேரில் அப்படி விட்டவர்கள் 4 பேர்தான்.

எனவே சரியாகச் சொல்வதானால், இன்சுலா போனவர்கள் அதிகமாக விட்டார்கள் என்பதைவிட, விட்டபோது போராடாமல் விட்டார்கள் என்பதே பொருந்தும். இன்சுலா நலமாக இருக்கும் நாமெல்லாம் போராடித்தான் விட வேண்டியிருக்கிறது. அதே கட்டுரையில் இன்சுலாவில் சேதம் இல்லாமலே 19 பேர் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும்.

மார்ச் 12

என் கதையைச் சொல்லுமாறு இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அது நான்காவது முயற்சி. மூன்றாவது முயற்சி எப்படிக் கவிழ்ந்தது என்பதுதான் இந்த இழைக்குத் தொடர்புடையது.

38ஆம் நாள் இரவு மின்சாரம் போனது. மெழுகுவர்த்தி ஏற்றத் தீப்பெட்டியைத் தேடி எடுத்தேன். முதல் குச்சியின் மருந்து உதிர்ந்துவிட்டது. இரண்டாவது குச்சி சீறிப் பற்றியது. அந்தச் சீற்றமும், சுடர் நிலைப்பதற்கு முன் ஒரு நொடி மூக்கில் ஏறும் கந்தக நெடியும், இடது கை தானாகக் குவிந்து சுடரைக் காத்த விதமும்! காற்றே இல்லாத அறையில் கை ஏன் குவிந்தது? அது மெழுகுவர்த்திக்காகக் குவியவில்லை. உதடுகள் எதையோ கவ்வுவதுபோல் லேசாக உள்ளே மடிந்தன. திரியில் தீயை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். இடையில் முடிவு என்று எதையும் நான் எடுத்ததாக நினைவில்லை. 38 நாள் தவித்துத் தவித்துச் சேர்த்ததெல்லாம் ஒரு தீக்குச்சியில் போயிற்று.

இதற்கு விளக்கம் பிற்பாடுதான் கிடைத்தது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது, டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடித்தன. பழச்சாறுக்கு முன் ஒரு சமிக்ஞை வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு சமிக்ஞைக்கு இடம் மாறிவிட்டது. சாறு வரும்போது அணுக்கள் சலனமின்றி இருந்தன. நிக்கோட்டின் புகையாக உள்ளே போனால் 10 முதல் 20 நொடிக்குள் மூளையை எட்டிவிடும். நாளுக்கு 20 சிகரெட் என்றால் ஆண்டுக்கு 7,300 முறை தீக்குச்சியின் சீற்றமும் அந்தச் சில நொடிகளும் சேர்த்து முடிச்சிடப்படுகின்றன. இவ்வளவு முறை எழுதிப் பழகிய பாடத்தை மூளை 38 நாளில் அழித்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன்.

மார்ச் 13

மேலே எழுதியதில் இரண்டு பிழைகள். அந்த நாட்களில் ஒவ்வொரு இரவும் அன்றைய தவிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு சிறு நோட்டில் எழுதிவந்தேன். நேற்றிரவு அதைத் தேடி எடுத்தேன். கவிழ்ந்தது 38ஆம் நாள் இல்லை, 31ஆம் நாள். இது சிறிய பிழை.

பெரிய பிழை, 'தவித்துத் தவித்து' என்று எழுதியது. முதல் வாரத்தில் 8, 9, 9, 7 என்று இருப்பது உண்மைதான். ஆனால் கடைசி வாரத்தின் எண்கள் 2, 1, 1, 0, 2. மெழுகுவர்த்தி இரவுக்கு இரண்டு நாள் முன்பு, 'இப்போது நினைவே வருவதில்லை' என்றுகூட எழுதியிருக்கிறேன். ஆறேழு ஆண்டுகளில் என் நினைவு அதை ஒரு வீரப் போராட்டமாக மாற்றிவைத்துக்கொண்டது. நடந்தது அதற்கு நேர்மாறு: போர் முடிந்துவிட்டது என்று காவலைக் கலைத்த பிறகு கோட்டை விழுந்திருக்கிறது.

2011இல் கில்லினந்தர் பேடி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்துகிறது. புகைப்பவர்களுக்குப் பணம் கொடுத்து நிறுத்தவைத்து, 7ஆம், 14ஆம், 35ஆம் நாட்களில் வெவ்வேறு குழுக்களைச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது எழும் தவிப்பு நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. சிகரெட் தொடர்பான பொருட்களைக் காட்டும்போது எழுந்த தவிப்போ நாளாக ஆகக் கூடியிருந்தது. விலங்குகளிடம் முன்பே தெரிந்திருந்த இந்த நிகழ்வுக்குத் தவிப்பின் அடைகாப்பு என்று பெயர்.

என் 31ஆம் நாள் இந்த ஆய்வை மெய்ப்பிக்கிறது என்று சொல்லும் ஆசை எனக்கு இருக்கிறது. ஒருவனுடைய நோட்டு எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் நான் எந்தத் தவிப்பை அளந்துகொண்டிருந்தேன் என்பதை அந்த ஆய்வு எனக்குக் காட்டியது. இரவில் அமைதியாக அமர்ந்து போட்ட மதிப்பெண் அது. தீக்குச்சிக்கு முன்னால் நின்று ஒரு நாளும் மதிப்பெண் போட்டதில்லை.

மார்ச் 16

லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். எறியுங்கள். ஆனால் உணவு முடிந்த நேரத்தை எறிய முடியாது, கோபம் வந்த கணத்தை எறிய முடியாது, படிக்கட்டில் எப்போதும் புகைக்க நிற்கும் அந்தத் திருப்பத்தையும் எறிய முடியாது. சிந்தியா காங்க்லின் என்ற உளவியலாளர், புகைப்பவர்கள் வழக்கமாகப் புகைக்கும் இடங்களை அவர்களே எடுத்துவந்த படங்களாகக் காட்டிச் சோதித்தார். சிகரெட்டே இல்லாத அந்தப் படங்கள் தவிப்பைத் தூண்டின.

இதற்கு நேரெதிரான யோசனையும் உண்டு. தவிப்பைக் கிளப்பும் பொருளை, அதாவது தூண்டுகுறியைத் திரும்பத் திரும்பக் காட்டி, சிகரெட் கொடுக்காமலே விட்டால், பாவ்லோவின் நாய்க்கு மணியோசை வெற்றோசையாகிப் போனதுபோல் இதுவும் சலித்துப்போகும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. காங்க்லினும் ஸ்டீஃபன் டிஃபனியும் 2002இல் அதுவரையிலான இத்தகைய சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் மிகக் குறைவாகவே தெரிந்தது. ஒரு கூண்டில் பயத்தை மறந்த எலி வேறு கூண்டுக்கு மாற்றப்பட்டதும் பழையபடி பயப்படும். ஆய்வகத்து நாற்காலியில் அணைந்த தவிப்பு படிக்கட்டின் திருப்பத்தில் உயிரோடு காத்திருக்கும்.

மார்ச் 18

சிறு நடைமுறைக் குறிப்பு, 20ஆம் தேதிக்கு முன் சொல்லிவிடுகிறேன். நிக்கோட்டின் பட்டை நாள் முழுதும் சீராக நிக்கோட்டினைக் கசியவிடுவதால் அடித்தளத் தவிப்பைத் தணிக்கும். தூண்டுகுறி எழுப்பும் திடீர் அலையை அதே அளவுக்குத் தடுப்பதில்லை. அலை எழுந்த நேரத்தில் வாயில் போட்டு மெல்லும் நிக்கோட்டின் கம் தணிக்கிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது, ஆனால் அது வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பொருளுள்ளது. என் மூன்றாவது முயற்சியில் பட்டை மட்டும் இருந்தது. நான்காவதில் சட்டைப்பையில் கம்மும் இருந்தது. வரெனிக்கிளின், பியூப்ரோபியான் ஆகிய மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களின் மூளை, சிகரெட் படங்களுக்குக் குறைவாகத் துலங்கியதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஆனால் அவற்றை மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

மார்ச் 21

நேற்று நிறுத்தியாயிற்று என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். சில நாட்களுக்காவது எரிந்து விழுவீர்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவையுங்கள்.

மார்ச் 22

இந்த இழையில் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ வெர்சாச்சே குழுவினர் 2012இல் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். சிகரெட் படங்களோடு, இன்பமூட்டும் மற்றப் படங்களையும் காட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். இன்பமான காட்சிகளுக்குக் குறைவாகத் துலங்கியவர்கள் பின்னர் நீண்ட காலம் விட்டு இருப்பது குறைவாக இருந்தது. இன்பமான காட்சிகளுக்கு வலுவாகத் துலங்கியவர்கள் தாக்குப்பிடிப்பது கூடுதலாக இருந்தது. 2014இல் எஃப்.எம்.ஆர்.ஐ. கொண்டு பார்த்தபோதும் இதே போக்கு தெரிந்தது.

அப்படியானால், லைட்டரைக் கண்டு உங்கள் வாய் ஊறுவதை மட்டும் அளந்து பயனில்லை. வேறு எதைக் கண்டு உங்கள் மனம் துள்ளுகிறது என்பதையும் எதிர்த்தட்டில் வைக்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் நான் தூண்டுகுறிகளுக்கு அஞ்சி நண்பர்களைத் தவிர்த்தேன், மாலை நடையை நிறுத்தினேன், இசை கேட்பதைக்கூட நிறுத்தினேன், ஏனென்றால் எல்லாவற்றோடும் சிகரெட் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் சிகரெட் மட்டும் இருக்க, மறு பக்கத்தை நானே காலி செய்திருக்கிறேன். நான்காவது முயற்சியின்போது தற்செயலாக நீச்சல் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். தண்ணீருக்குள் பற்றவைக்க முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதையும் கறாராகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்பத்துக்குத் துலங்காத மூளை உடையவர் பொழுதுபோக்கு ஒன்றைத் தேடிக்கொண்டால் அந்தத் துலங்கல் மாறிவிடும் என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. அது என் ஊகம்.

மார்ச் 29

மின்காந்தத் துடிப்புச் சிகிச்சை பற்றிக் கேட்டவருக்கு: தலைமீது வைக்கும் காந்தச் சுருளால் முன்மூளையின் பக்கப் பகுதிகளையும் இன்சுலாவையும் தூண்டும் முறைக்கு, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டில் சிகரெட்டை நிறுத்த உதவும் சிகிச்சையாக அனுமதி அளித்தது. 262 பேரிடம் நடந்த சோதனையில், 18ஆவது வாரம் வரை பார்த்ததில் உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினரும் போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 8.7 விழுக்காட்டினரும் தொடர்ந்து விட்டிருந்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல். ஆயினும் ஐந்தில் நான்கு பேருக்குக் கைகொடுக்கவில்லை.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி, ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு சிகரெட் தவிப்பை வேண்டுமென்றே கிளறிவிட்டார்கள் என்பது. உறங்கும் முடிச்சை அவிழ்க்க முடியாது, எழுப்பித்தான் தொட வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது.

ஏப்ரல் 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: 17ஆம் நாள், ஒரு விருந்தில், நண்பரின் சிகரெட்டை வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டாராம். 'ஸ்கேன் சொன்னது நடந்துவிட்டது' என்கிறார்.

இதைப் படித்ததும் என் மார்ச் 4 குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'தோற்றவர்கள்' என்று அங்கே எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஜேன்ஸ் ஆய்வு கணித்தது சறுக்கலை. நிறுத்திய பின் சிகரெட்டைத் தொட்டாலே சறுக்கல்தான். பழைய அளவுக்குத் திரும்புவது என்பது அதற்கு அடுத்த கதை. முதலாவது இரண்டாவதுக்கு இட்டுச்செல்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது என்பதை மறைக்கவில்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என் அவசரச் சொல்லால் உங்களுக்கு இந்த எண்ணம் வந்திருந்தால் பிழை என்னுடையது.

இரண்டு இழுப்பு ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். ஆர்தர் பிராடி குழுவினர் 2006இல் கண்டதன்படி, ஒன்றிரண்டு இழுப்பே, மூளையில் நிக்கோட்டின் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான முதன்மையான ஏற்பிகளில் பாதியை 3 மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்கிறது. முழு சிகரெட் 88 விழுக்காட்டைப் பிடிக்கிறது. அந்த 3 மணி நேரம் உங்களுக்கு முடிந்து மூன்று நாளாகிறது. இடையில் வேறு தொடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே ஒரு கேள்வி: அந்த விருந்தில் உங்கள் கையை நீட்டவைத்தது எது? சிகரெட்டா, நண்பரா, இசையா, இடமா? எழுதுங்கள்.

ஏப்ரல் 11

'பெட்டியின் மேல் சிகரெட்டைத் தட்டும் ஓசை' என்று பதில் வந்திருக்கிறது. 11 ஆண்டுகளாக அந்த ஓசையைக் கவனித்ததே இல்லை என்கிறார். எந்த ஆய்வகத்தின் படத்தொகுப்பிலும் அது இருந்திருக்காது. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் ஒருபோதும் வந்திராத வரி அது. நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 35ஆம் நாள் இன்னும் வரவில்லை என்பதையும் அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 25

அவருக்கு 35 நாள் கடந்துவிட்டது. அந்த இரண்டு இழுப்பைத் தவிர வேறில்லை. தட்டும் ஓசையைக் கேட்டால் இப்போது அவர் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.

எனக்கும் ஓர் ஆவல் வந்தது. நேற்றிரவு தீப்பெட்டியை எடுத்து, எதையும் ஏற்றும் தேவையின்றி ஒரு குச்சியை உரசினேன். இடது கை குவியவில்லை. நெடி மூக்கில் ஏறியபோது மட்டும், தொண்டையின் அடியில் ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைப் போட்டு 1 என்று எழுதினேன். குச்சி விரலைச் சுடும்வரை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்ததும், அதை அடித்துவிட்டு 3 என்று எழுதினேன்.